வாசல் அகலம், படிக்கட்டு செங்குத்து: நியூரோசயின்ஸ் எம்.எஸ்சி. ஒரு மதிப்பீடு

நியூரோசயின்ஸ் முதுநிலைப் பட்டத்துக்கான தகுதிப் பக்கத்தைப் படித்தால் யாருக்கும் இடம் கிடைத்துவிடும் போலத் தோன்றும். உயிரியல், உளவியல், இயற்பியல், மருத்துவம், பொறியியல், கணினி அறிவியல், போதாததற்கு 'தொடர்புடைய வேறு துறை' என்று கதவை விரியத் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு இளநிலைப் பட்டம், குறைந்தபட்ச மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, இரண்டு பரிந்துரைக் கடிதம், ஒரு நோக்கக் கட்டுரை. அவ்வளவுதான் கேட்பார்கள். உள்ளே போனபின் தேவைப்படும் தகுதிகள் அந்தப் பக்கத்தில் இருக்காது. அவை பாடத்திட்டக் கையேட்டின் பின்பக்கங்களிலும், கிரெடிட் அட்டவணையிலும், ஆய்வேட்டு விதிகளிலும் சிதறிக் கிடக்கும்.

காசும் காலமும் கொடுத்து வாங்கும் ஒரு பொருளாகவே இந்தப் பட்டத்தை இங்கே எடைபோடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆய்வுக்கூட நேரம் தாராளமாக உள்ள இரண்டு வருடப் படிப்பு நல்ல சரக்கு. ஒரு வருடப் படிப்பு, ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் கைபழகியவருக்கு மட்டும் பொருந்தும். ஆய்வேடே இல்லாத படிப்பை, பிஎச்.டி. எண்ணம் இருப்பவர் தொடவே வேண்டாம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். தமிழில் 'நரம்பியல்' என்ற ஒரே சொல்லை நியூராலஜிக்கும் நியூரோசயின்ஸுக்கும் புழங்குகிறோம். நியூராலஜி என்பது மருத்துவச் சிறப்புப் படிப்பு. மருத்துவப் பட்டம் இல்லாமல் அதற்குள் நுழைய முடியாது. நியூரோசயின்ஸ் எம்.எஸ்சி. என்பது ஆராய்ச்சிக்கான பட்டம். இதை முடித்தவர் மருந்து எழுத முடியாது, உளவியல் சிகிச்சைக்கான உரிமமும் இதனால் கிடைத்துவிடாது. நோயாளிகளைப் பார்க்கும் ஆசையில் விண்ணப்பிக்க நினைப்பவர் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது லாபம்.

மணிக்கணக்கைப் பாருங்கள்

படிப்பின் பெயரைவிட அதற்குள் எத்தனை மணி நேர உழைப்பு அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஐரோப்பிய முறையில் இரண்டு வருட எம்.எஸ்சி. 120 ஈசிடிஎஸ் கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம் என்று கணக்கு. மொத்தம் 3000 முதல் 3600 மணி. பிரிட்டனின் ஒரு வருட எம்.எஸ்சி. அவர்கள் கணக்கில் 180 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி வீதம் 1800 மணி. ஈசிடிஎஸ் ஆக மாற்றினால் 90. அமெரிக்காவில் 30 முதல் 36 செமஸ்டர் கிரெடிட் என்பது வழக்கம். அதிலும் ஆய்வேடு எழுதும் வழி, எழுதாத வழி என்று இரண்டு கிளை இருக்கும்.

இந்த 90, 120 வித்தியாசம் காகிதத்தோடு முடிவதில்லை. ஐரோப்பாவில் பல பிஎச்.டி. சேர்க்கைகள் இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்த்து 300 ஈசிடிஎஸ் கேட்கின்றன. மூன்று வருட இளநிலைக்கு 180, அதோடு ஒரு வருட முதுநிலைக்கு 90, கூட்டினால் 270. முப்பது குறைகிறது. மாணவர் திறமைசாலியாக இருக்கலாம், கைடும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கலாம். பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு நின்றுவிடும். நான்கு வருட இளநிலை முடித்தவருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. மூன்று வருடம் முடித்தவர் ஒரு வருட எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டும் முன் இந்தக் கூட்டலை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, 120 கிரெடிட்டை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல படிப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவோ பாதியோ வகுப்புப் பாடம், 20 முதல் 30 கிரெடிட் லேப் ரொட்டேஷன் (ஆய்வுக்கூடம் மாறி மாறி வேலை பார்ப்பது), குறைந்தது 30 கிரெடிட் ஆய்வேடு என்று இருக்கும். முப்பது கிரெடிட் ஆய்வேடு என்றால் 750 முதல் 900 மணி. ஆறு மாத முழுநேர வேலை. ஆய்வேட்டுக்கு 15 கிரெடிட்டே கொடுத்துவிட்டு மீதியை 'விருப்பப் பாடங்கள்' என்று நிரப்பியிருந்தால், அந்தத் துறையில் மாணவரை உட்கார வைக்கப் போதுமான ஆய்வுக்கூட இடம் இல்லை என்று சந்தேகப்படலாம். பெரும்பாலும் சந்தேகம் சரியாகவே இருக்கும்.

எந்தப் பட்டம் எங்கே இடறும்

எல்லாத் துறையினரையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. சேர்த்தபின் எல்லோருக்கும் ஒரே வகுப்புதான் என்பதும் உண்மை. உளவியல் படித்தவர் சவ்வு மின்னழுத்தத்தில் தடுமாறுவார். உயிரியல் படித்தவர் லீனியர் அல்ஜீப்ராவில் நிற்பார். பொறியாளர் கணக்கைச் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு, ரிசெப்டர் பெயர்களிலும் மூளை உடற்கூற்றிலும் மாட்டிக்கொள்வார்.

முதல் மாதத்தில் வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியத்துக்கு நெர்ன்ஸ்ட் சமன்பாடு, அதாவது அந்த அயனி எந்த மின்னழுத்தத்தில் சமநிலை அடையும் என்று சொல்லும் சூத்திரம். நரம்பணுவுக்கு வெளியே 5 மில்லிமோலார், உள்ளே 140. உடல் வெப்பமான 37 டிகிரியில் பெருக்க வேண்டிய மாறிலி 61.5 மில்லிவோல்ட். 5ஐ 140ஆல் வகுத்து, பத்தடிமான லாகரிதம் எடுத்தால் மைனஸ் 1.447. பெருக்கினால் மைனஸ் 89 மில்லிவோல்ட். இரண்டே வரிதான். ஆனால் உள், வெளி இரண்டையும் மாற்றிப் போட்டால் பிளஸ் 89 வரும். அந்த விடையை அப்படியே எழுதிவிட்டு, நரம்பணு ஏன் ஓய்வில் எதிர்மறையாக இருக்கிறது என்று அடுத்த கேள்விக்குப் பத்தி பத்தியாக விளக்கம் எழுதுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் அறை வெப்பத்தில்தான் பதிவு செய்கிறோம். 20 டிகிரியில் மாறிலி 58.2 ஆகிவிடும், விடை மைனஸ் 84க்கு வரும். ஐந்து மில்லிவோல்ட் எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். லாகரிதம் மறந்துபோனவர் சேர்வதற்கு முன் அதை மீட்டெடுப்பது ஒரு வார வேலை. சேர்ந்தபின் அந்த ஒரு வாரம் கிடைக்காது.

சேர்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை என்று எங்கள் பட்டியல்: ஒரு வருட உயிரியல், அதில் உயிரணு (செல்) உயிரியல் கட்டாயம், பொது வேதியியல், மின்சாரம் வரைக்கும் இயற்பியல், நுண்கணிதம், குறைந்தது முதல்நிலை வகைக்கெழுச் சமன்பாடு வரை, ஒரு முழு செமஸ்டர் புள்ளியியல். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாயின் பெரிய ஆக்ஸானுக்கு (நீண்ட நரம்பிழைக்கு) எழுதிய சமன்பாடுகள் இன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. அவை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளின் தொகுப்பு. கையால் தீர்க்கச் சொல்ல மாட்டார்கள். கணினியில் ஓட்டச் சொல்வார்கள். ஒவ்வொரு உறுப்பும் எந்த மின்னோட்டத்தைக் குறிக்கிறது என்று தெரியாமல் ஓட்டினால் திரையில் அலை வரும், மண்டையில் ஒன்றும் ஏறாது.

காகிதங்கள்

இந்தப் பகுதி அலுப்பூட்டும். ஆனால் விண்ணப்பங்கள் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

மதிப்பெண் தாளோடு, மதிப்பெண் முறையை விளக்கும் பக்கமும் கட்டாயம் போக வேண்டும். ஜெர்மனி எடுத்துக்காட்டு: வெளிநாட்டு மதிப்பெண்ணை அங்கே பவேரியச் சூத்திரத்தால் மாற்றுவார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1 என்பது ஆகச் சிறந்தது, 4 என்பது கடைசித் தேர்ச்சி. நூற்றுக்கு 75 எடுத்தவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 40 என்றால் 2.25 வரும். அதே 75க்குத் தேர்ச்சி 50 என்று எடுத்துக்கொண்டால் 2.5. சேர்க்கைக்கு 2.3 வரை மட்டும் என்று வைத்திருக்கும் இடத்தில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி இணைக்காவிட்டால் அலுவலகம் தனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளும்.

பாடத்தின் பெயர் மட்டும் போதாது. 'உயிரியல் 3' என்று இருந்தால் அதற்குள் நரம்பணு இருந்ததா, தாவரம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பத்தியில் உள்ளடக்கம், வகுப்பு மணி, செய்முறை மணி மூன்றையும் எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தேர்வில் மொத்த மதிப்பெண் தாண்டியும் விழுபவர்கள் உண்டு; எழுத்துப் பிரிவுக்குத் தனியாக ஒரு கீழ்வரம்பு இருப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். டோஃபல், ஐஈஎல்டிஎஸ் இரண்டுக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள். ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், ஆனால் அதைக் கேட்பதையே பல துறைகள் நிறுத்திவிட்டன. 'விருப்பம் இருந்தால் அனுப்பலாம்' என்று போட்டிருக்கும் இடங்களில், கணிதப் பகுதியில் நல்ல மதிப்பெண் இருக்கும் உளவியல் பட்டதாரி அனுப்புவது பயன் தரும். மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

பரிந்துரைக் கடிதத்தில் நடக்கும் தவறு ஒன்றுதான்: பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்குவது. 'என் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், நல்ல ஒழுக்கம் உள்ளவர்' என்று துறைத் தலைவர் எழுதும் கடிதத்தைத் தேர்வுக்குழு புரட்டிவிட்டுப் போய்விடும். 'மூன்று மாதம் என் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். உயிரணு எண்ணும் வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட வேண்டும் என்று அவரே சொன்னார்' என்று ஓர் இளம் ஆசிரியர் எழுதினால் நின்று படிப்பார்கள். இன்னொரு சின்ன விஷயம்: கடிதம் எழுதுபவர் நிறுவன மின்னஞ்சலில் இருந்துதான் அனுப்ப வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. தனிப்பட்ட முகவரியைக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் மாற்ற முடியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

நோக்கக் கட்டுரை பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று. 'மனித மூளையில் 86 பில்லியன் நரம்பணுக்கள் இருக்கின்றன, அது பிரபஞ்சத்தின் மாபெரும் புதிர்' என்று தொடங்காதீர்கள். அந்த எண்ணிக்கை படிப்பவருக்குத் தெரியும். அதில் ஏறத்தாழ 69 பில்லியன் சிறுமூளையில் மட்டுமே இருக்கிறது என்பதும் தெரியும். அதற்குப் பதில் இப்படி எழுதலாம் (இட அணு என்பது விலங்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது துடிக்கும் நரம்பணு): 'எலியைப் புது அறையில் விடும்போது ஹிப்போகாம்பஸின் இட அணுக்கள் எவ்வளவு நேரத்தில் நிலைகொள்கின்றன என்பது என் கேள்வி. அதற்கு மின்முனைப் பதிவிலிருந்து தனித்தனி அணுக்களைப் பிரித்தெடுக்கக் கற்க வேண்டும். உங்கள் துறையில் இரண்டு குழுக்கள் இதைச் செய்கின்றன.' கேள்வி, முறை, இடம். ஒரு பக்கத்துக்கு இது போதும்.

புள்ளியியல், கோடிங்

நேர்காணல் இருக்கும் இடங்களில் ஒரு கட்டுரையின் வரைபடத்தை நீட்டி 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்பது வழக்கம். மூளையைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதாக நினைத்துப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது, கம்பிகளுக்கு மேல் நிற்கும் கோடு திட்ட விலக்கமா (தரவின் பரவல்), திட்டப் பிழையா (சராசரியின் துல்லியம்) என்று நீங்கள் கேட்கிறீர்களா என்பதை. இரண்டாவது, மாதிரி எண்ணிக்கை என்று போட்டிருப்பது நரம்பணுக்களா, விலங்குகளா என்று கேட்கிறீர்களா என்பதை.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் துறையின் பழைய நோய் இருக்கிறது. ஆறு எலி, ஒவ்வொன்றிலும் இருபது நரம்பணு, ஆக 120 அணு என்று எழுதிவிட்டு 120 தனித்தனி அளவுகள் போல டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடுவார்கள். ஒரே எலியின் அணுக்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமை 0.5 அளவுக்கு இருந்தால், வடிவமைப்பு விளைவு (உண்மையான மாதிரி எண்ணிக்கை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற எண்) 1 கூட்டல் (19 பெருக்கல் 0.5), அதாவது 10.5; 19 என்பது இருபதில் ஒன்று குறைவு. நூற்றிருபதை அதனால் வகுத்தால் கையில் மிஞ்சுவது பதினொன்றரைக்கும் குறைவான அளவுகள். பி-மதிப்பு 0.001 என்று மின்னியது எங்கே போனது என்று புரிந்திருக்கும். ஒரே எலிக்குள் இருக்கும் ஒப்புமையையும் கணக்கில் எடுக்கும் கலப்பு விளைவு மாடல் போட வேண்டும், அல்லது எலிக்கு ஒரு சராசரி எடுத்து ஆறையும் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு நோய்: ஒரு குழுவில் விளைவு குறிப்பிடத்தக்கது, மற்றொன்றில் இல்லை, ஆகவே இரண்டு குழுக்களும் வேறுபடுகின்றன என்று முடிவு கட்டுவது. வித்தியாசத்தையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். 2011இல் நியூவன்ஹௌஸ் குழுவினர் முன்னணி இதழ்களில் வந்த 513 கட்டுரைகளைப் புரட்டினார்கள். இந்தத் தவறுக்கு இடம் இருந்தவை 157. அவற்றில் 78 சரி, 79 தவறு. நாணயம் சுண்டிப் போட்டது போல. 2013இல் பட்டனும் கூட்டாளிகளும் இத்துறை ஆய்வுகளின் புள்ளியியல் திறன் (உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) நடுமதிப்பாக 8 முதல் 31 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். ஆகவே ஒரு எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் புள்ளியியல் 3 கிரெடிட் விருப்பப் பாடமாக ஒதுங்கிக் கிடந்தால், அதை ஒரு குறையாகவே குறித்துக்கொள்ளுங்கள். ஆறு கிரெடிட் கட்டாயம், அதில் பாதி செய்முறை என்று இருக்கும் படிப்பு ஒரு படி மேல்.

கோடிங் பற்றி மிரள வேண்டாம். பைத்தான் அல்லது மேட்லாப், இரண்டில் ஒன்று. நூறு கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் தூண்டல் நேரத்தைச் சுற்றி ஒரு துண்டை வெட்டி, சராசரி எடுத்து, படம் வரைந்து சேமிக்கும் நிரலை உதவியின்றி எழுத முடிந்தால் முதல் செமஸ்டருக்குப் போதும். அதோடு, நொடிக்கு 1000 மாதிரி எடுத்தால் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் நம்ப முடியாது என்பதும், அதைவிட வேகமான அலை மாறுவேடத்தில் மெதுவான அலையாக வந்து உட்காரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளின் வடிகட்டியைப் பிறகு போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. பதிவுக் கருவியிலேயே முன்கூட்டி வடிகட்ட வேண்டும்.

லேப் ரொட்டேஷன்: பட்டத்தின் உண்மையான விலை

இரண்டு அல்லது மூன்று ஆய்வுக்கூடங்களில் ஆறு முதல் பத்து வாரம் வேலை பார்ப்பதுதான் ரொட்டேஷன். விளம்பரத்தில் ஒரு வரி. நடைமுறையில் பட்டத்தின் முதுகெலும்பு இதுதான். எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் பாதுகாப்புப் பயிற்சி, சாவி, கணக்கு, அனுமதி என்று போய்விடும். ஆக ஆறு வாரத் திட்டத்தை எட்டு வாரத்துக்குப் போட்டவர்தான் முடிப்பார்.

விலங்குகளோடு வேலை என்றால் முன்கூட்டியே பயிற்சிச் சான்று வேண்டும். ஐரோப்பாவில் இதை 2010இன் 63ஆம் எண் ஆணை ஒழுங்குபடுத்துகிறது. தகுதி நிரூபிக்கும் வரை மேற்பார்வையில்தான் விலங்கைத் தொடலாம். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்று, குறைப்பு, வலிதணிப்பு ஆகிய மூன்று நெறிகளும் தேர்வில் வரும். சான்று தரும் படிப்பு துறையிலேயே நடக்கிறதா, அதற்கு கிரெடிட் உண்டா, முதல் செமஸ்டரிலேயே இடம் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். மூன்றாம் செமஸ்டரில்தான் கிடைக்கும் என்றால் உங்கள் ரொட்டேஷன் முழுவதும் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதாகவே முடியும். எலிச் சிறுநீரில் உள்ள புரதத்துக்கு ஒவ்வாமை வருவதும் சகஜம். தும்மல், கண் அரிப்பு தொடங்கினால் மறைக்காமல் சொல்லி, வடிகட்டி முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். மறைத்தால் அது ஆஸ்துமாவில் போய் நிற்கும்.

மூளைச் சீவலில் பேட்ச் கிளாம்ப் (கண்ணாடிப் பிப்பெட்டை நரம்பணுவின் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளப்பது) செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் எப்படி என்று பார்த்தால், கையேட்டில் எழுதாத தகுதிகள் விளங்கும். நேரும் சாக்மனும் 1976இல் காட்டிய முறை. 1991இல் நோபல் பரிசு. காலையில் உப்புக் கரைசல் கலக்க வேண்டும். 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவை முதலில் குமிழியிட்டு, பிறகே கால்சியம் குளோரைடைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் வரிசை மாறினால், பைகார்பனேட் உள்ள கரைசல் காரத்தன்மை ஏறி, கால்சியம் வெண்மையாகப் படிந்து கலங்கிவிடும். கலங்கிய கரைசலைக் காப்பாற்ற முடியாது. கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டியதுதான். பிறகு 300 மைக்ரான் தடிமனில் சீவல், வெதுவெதுப்பில் அரை மணி நேர ஓய்வு. அதன்பின் சுமார் ஆறு மணி நேரம் சீவல் உயிரோடு இருக்கும். அதற்குள் எடுத்ததுதான் அன்றைய தரவு.

கண்ணாடிப் பிப்பெட்டின் தடை 3 முதல் 6 மெகாஓம். அணுவைத் தொட்டு, மெல்ல உறிஞ்சினால் தடை ஒரு கிகாஓமைத் தாண்ட வேண்டும், அதுதான் சீல். சவ்வை உடைத்து உள்ளே போனபின் தொடர் தடை (பிப்பெட்டுக்கும் அணுவின் உட்புறத்துக்கும் இடையிலான தடை) 20, 25 மெகாஓமைத் தாண்டினாலோ, பதிவின் நடுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்தாலோ அந்த அணுவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கைபழகாதவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு நல்ல அணு கூட இல்லாமல் எழுந்திருப்பது சாதாரணம். சீல் நிற்கவில்லை என்றால் முதலில் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். பிப்பெட்டின் உள் கரைசலின் ஆஸ்மோலாலிட்டியை (கரைந்திருக்கும் துகள்களின் செறிவை) அளந்து பாருங்கள், பிப்பெட் முனையில் நேரழுத்தம் இருந்ததா என்று பாருங்கள், குழாய் இணைப்பில் கசிவு தேடுங்கள். பாதி நாள் அந்தக் கசிவுதான்.

மனித மூளைப் பக்கம் போனால் துன்பம் வேறு வகை. தலைத்தோலில் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி ஆய்வில் 64 மின்முனைக்கும் ஜெல் போட்டு, தடையை 10 கிலோஓமுக்குக் கீழ் இறக்க முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொப்பியைக் கழுவுவது தனி வேலை. காந்த ஸ்கேனரில் மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் ஸ்கேனர் நேரம் தங்கம். பங்கேற்பவரின் உடலில் உலோகம் உண்டா என்ற கேள்வித்தாளை நுனிப்புல் மேய்ந்தால் ஆபத்து. தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே தரவு போய்விடும். முப்பது பேர் வேண்டும் என்று திட்டமிட்டால் முப்பத்தைந்து பேரை அழைக்க வேண்டும்.

ஆய்வேடு: வெளியே வரும் தகுதி

பட்டம் தாமதமாவது பெரும்பாலும் ஆய்வேட்டில்தான், அதுவும் அறிவுக் குறைவால் அல்ல. விலங்கு ஆய்வுக்கும் மனித ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி தேவை. புதிதாக வாங்க மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாத ஆய்வேட்டுக்கு நான்கு மாதம் அனுமதிக்குக் காத்திருந்தால் என்ன மிஞ்சும்? கைடோடு பேசும் முதல் சந்திப்பிலேயே 'இந்த வேலைக்கு நடப்பு அனுமதி இருக்கிறதா, அதில் என் பெயரைச் சேர்க்க எவ்வளவு நாள்?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்காத மாணவரைப் பார்த்துத்தான் நல்ல கைடு கவலைப்படுவார்.

இரண்டாவது, மாற்றுத் திட்டம். ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் வைரஸை மூளையில் ஊசி போட்டு, அந்தப் புரதம் வெளிப்பட மூன்று வாரம் காத்திருந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இருட்டாக இருக்கும் நாள் வரும். அன்றைக்குக் கையில் வேறொரு தரவுத்தொகுப்பு இருக்க வேண்டும். மூளை ஆராய்ச்சி செய்யும் ஆலன் நிறுவனத்தின் எலி மூளைப் பதிவுகளும், ஹியூமன் கனெக்டோம் ப்ராஜெக்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களும், ஓப்பன்நியூரோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் குவிந்து கிடப்பவையும் இலவசம். அவற்றில் ஓர் அத்தியாயத்தை முன்கூட்டியே தொடங்கி வைத்தவர் குறித்த நாளில் சமர்ப்பிப்பார்.

மூன்றாவது, யார் மதிப்பிடுவது. தினமும் சொல்லித்தரும் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி செய்பவர்) பெரும்பாலும் மதிப்பிடும் உரிமை உள்ளவர் அல்ல. கையெழுத்துப் போடும் பேராசிரியர் வரைவைப் படிக்க எத்தனை வாரம் எடுப்பார் என்பதை அவருடைய பழைய மாணவரிடம் கேட்பதே சரி. அவரிடமே கேட்டால் 'இரண்டு நாள்' என்றுதான் சொல்வார். எதிர்பார்த்த விளைவு வரவில்லை என்பதற்காக யாரும் தோல்வியடைவதில்லை. எத்தனை மாதிரி போதும் என்று முன்பே கணக்கிட்டு, கட்டுப்பாட்டுச் சோதனையைச் சரியாக வைத்திருந்தால், 'வேறுபாடு இல்லை' என்ற முடிவும் நல்ல மதிப்பெண் வாங்கும். கட்டுப்பாட்டுச் சோதனையை மறந்துவிட்டு அழகான படம் வைத்தவர்தான் வாய்மொழித் தேர்வில் வியர்ப்பார்.

யாருக்கு வாங்கலாம்

ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்ய எண்ணுபவருக்கு எம்.எஸ்சி. ஏறக்குறைய கட்டாயம், அதனால் நல்ல இரண்டு வருடப் படிப்புக்குச் செலவிடுவது நியாயம். கோட்டிங்கனில் உள்ள சர்வதேச மாக்ஸ் பிளாங்க் பள்ளி போன்ற இடங்களில் முதல் வருடத்தைச் சிறப்பாக முடித்தவர் ஆய்வேட்டைத் தாண்டி நேராக பிஎச்.டி.க்குப் போகும் குறுக்குவழியும் உண்டு. இடங்கள் மிகக் குறைவு, முதல் வருடம் கடுமை. தரவு வேலைக்குப் போக நினைப்பவருக்கு இந்தப் பட்டம் சுற்றுவழி. புள்ளியியல் முதுநிலையே நேர்வழி.

அமெரிக்கா மட்டும் நோக்கம் என்றால் கணக்கே வேறு. அங்கே இளநிலையில் இருந்து நேராக பிஎச்.டி.யில் சேரலாம், பிஎச்.டி. மாணவருக்குப் பொதுவாக உதவித்தொகையும் கட்டண விலக்கும் கிடைக்கும், எம்.எஸ்சி. மாணவர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் படிப்பார். ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடம் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் பிஎச்.டி., எம்.எஸ்சி. இரண்டுக்கும் ஒரே பருவத்தில் விண்ணப்பிப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. மதிப்பெண் தாள், ஆங்கிலத் தேர்வு, நோக்கக் கட்டுரையின் பெரும்பகுதி எல்லாம் அதுவே. கூடுதலாகத் தேவைப்படுவது பெரும்பாலும் மூன்றாவது பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான். அதை எழுதப்போகிறவரிடம் இரண்டு மாதம் முன்பே, கடைசித் தேதிகளை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.